அம்மா பிறந்த ஜில்லா

அம்மா ஒருவழியாக ராட்டர்டாம் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சின்னவன் பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் ஏற்பாடு. வந்தபோது அவனுக்கு ஏழு மாதம் முடிந்து தவழ ஆரம்பித்துவிட்டான். தாமதத்துக்குக் காரணம் உடம்பும் இல்லை, பணமும் இல்லை. ஒரு ஜில்லா!

விவரமாகச் சொல்கிறேன். அம்மா பிறந்தது 1951-ல், மூணாறுக்குப் பக்கத்தில் நல்லதண்ணி எஸ்டேட்டில். பள்ளிக்கூடச் சான்றிதழில் 'தேவிகுளம் தாலுகா, கோட்டயம் ஜில்லா' என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டபோது என் மாமா பையன் இன்றைய நிலவரப்படி 'இடுக்கி' என்று நிரப்பிவிட்டான். கவுண்டரில் இருந்த தம்பி இரண்டையும் பார்த்துவிட்டு, "ஒரு ஆள் எப்படி ரெண்டு ஜில்லாவுல பொறக்க முடியும்?" என்று கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்லத்தான் ஏழு மாதம் பிடித்தது.

பதில் இதுதான். 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோது அந்த ராஜ்யத்துக்கு மொத்தம் நாலே ஜில்லா: திருவனந்தபுரம், கொல்லம், கோட்டயம், திருச்சூர். மலை மேலிருக்கும் தேவிகுளமும் பீருமேடும் கோட்டயத்தில் சேர்ந்தன. இடுக்கி என்று தனி மாவட்டம் வந்தது 1972 ஜனவரி 26-ல்தான். அப்போதும் தலைமை அலுவலகம் கோட்டயம் நகரிலேயே இருந்தது. 1976-ல்தான் மலையேறிப் பைனாவுக்கு வந்தது. ஆக அம்மா பிறந்து இருபத்தோரு வருஷம் கழித்து அவர் பிறந்த மாவட்டம் பிறந்திருக்கிறது.

அப்பா கதை இன்னும் தமாஷ். அவர் 1944-ல் கொழிஞ்சாம்பாறை அருகே பிறந்தபோது அது கொச்சி ராஜாவின் பூமி. சிற்றூர் தாலுகா, கொச்சியின் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல், நடுவில் பிரிட்டிஷ் மலபார் புகுந்து பிரித்துப் போட்டிருந்த தனித்துண்டு. 1949-ல் திருவிதாங்கூர்–கொச்சி, திருச்சூர் ஜில்லா. 1956 நவம்பர் 1-ல் கேரளம். 1957 ஜனவரி 1-ல் மலபாரை மூன்றாகப் பிரித்தபோது பாலக்காடு மாவட்டம். பதிமூன்று வயதுக்குள் மூன்று ராஜ்யம், இரண்டு ஜில்லா பார்த்துவிட்டார். வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே!

இவர்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மூணாறும் கேரளம், கொழிஞ்சாம்பாறையும் கேரளம். ஆனால் அம்மா புகுந்த வீட்டுக்கு வந்த வழி என்ன தெரியுமா? மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம். மாநிலத்தை விட்டு வெளியே போய், தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். இன்றைக்கும் சுலபமான வழி அதுதான். பறம்பிக்குளம் சமாச்சாரமும் இதேதான். சிற்றூர் தாலுகா, முதலமடை பஞ்சாயத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவர் வண்டியில் தன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போக வேண்டுமென்றால் டாப்ஸ்லிப், சேத்துமடை என்று தமிழ்நாட்டில் இறங்கிச் சுற்றித்தான் வரவேண்டும். மலைக்கு மாநில எல்லை தெரியாது. கோடு போட்டவர்களுக்கு மலை தெரியாது.

நிற்க. இந்தக் கோடு போட்ட சமயத்தில் தெற்கெல்லைத் தமிழர்கள் ஒன்பது தாலுகாக்களைக் கேட்டார்கள் என்பது பலருக்கும் நினைவிருக்கும். அதில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் கன்னியாகுமரி மாவட்டமாகின. செங்கோட்டையில் பெரும்பகுதி திருநெல்வேலிக்கு வந்தது. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீருமேடு, சிற்றூர் வரவில்லை. கவனித்தீர்களா, அம்மாவின் தாலுகா, அப்பாவின் தாலுகா இரண்டுமே அந்தக் கடைசிப் பட்டியலில்தான். தோட்டத் தமிழர்கள் பிழைக்க வந்தவர்கள்தானே என்று கமிஷன் சொன்ன வாதம் எனக்கு இன்றும் ஒப்பவில்லை. பிழைக்க வந்து மூன்று தலைமுறை தேயிலை கிள்ளினால் அது யாருடைய ஊர்? அதற்காக, சேர்ந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. ரிட்டயர் ஆனால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற விதி எந்த மாநிலத்தில் இருந்தாலும் அதேதான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்களே, அதில் பலருக்கும் வேர் கயத்தாறு பக்கம். அம்மா வழியும் அந்தப் பக்கம்தான். அந்த வாரம் அவர் போனில் எதுவுமே பேசவில்லை. "சாப்ட்டியா"வோடு வைத்துவிடுவார்.

பாஸ்போர்ட்டுக்கு வருவோம். ஒரு வில்லேஜ் ஆபீசில் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அங்கே போனால் பழைய பதிவேடு வேறிடத்தில் என்றார்கள். அந்த வேறிடத்தில், மனுவை மலையாளத்தில் எழுதி வா என்றார்கள். சிறுபான்மை மொழிக்காரர்கள் தமிழில் எழுதலாம் என்று 1969-ன் ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. அம்மாவுக்குச் சட்டம் தெரியாது, மலையாளம் பேச மட்டும் தெரியும். ஒவ்வொரு முறையும் 130 கிலோமீட்டருக்கு மேல் பஸ் பிரயாணம், வயது எழுபதைத் தாண்டிய மனுஷி. இங்கே உட்கார்ந்துகொண்டு நான் போனில் கத்தினேன். கத்தும்போதே ஒரு பழைய விஷயம் உறுத்தியது.

பி.காம் முடித்து வங்கியில் சேர்ந்து, எல்லையோரக் கிளை ஒன்றில் கடன் பிரிவில் இருந்த காலம். எங்கள் பக்கத்தில் வங்கி வேலை பார்ப்பவனுக்கு இரட்டை அகராதி வேண்டும். கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று. இந்தப் பக்கம் ஆதாரம், தண்டப்பேர், போக்குவரவு, கரம் கட்டிய ரசீது, குடிக்கடச் சான்று. ஒரே தென்னந்தோப்பு, ஒரே வாய்க்கால், ஆனால் காகிதத்தில் வேறு பாஷை. ஒருநாள் ஒரு பெரியவர் நிலக்கடலை போடக் கடன் கேட்டு வந்தார். 1952-ம் வருஷத்து ஆதாரம். அதில் 'சிற்றூர் தாலுகா, திருச்சூர் ஜில்லா' என்று இருந்தது. கரம் ரசீதில் பாலக்காடு. எனக்கு வயது இருபத்தைந்து. எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டு, வக்கீல் அபிப்பிராயம் வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். என் அப்பாவின் சொந்தக் கதைதான் அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது, எனக்குத் தெரியவில்லை. அவர் அபிப்பிராயத்தோடு திரும்பி வந்தபோது விதைக்கிற பருவம் போயிருந்தது. "பரவால்ல சார், அடுத்த போகத்துக்குப் பாத்துக்கலாம்" என்றார். கவுண்டர்த் தம்பியைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

இங்கேயும் ஜில்லா விளையாட்டு உண்டு. நாங்கள் இருப்பது தெற்கு ஹாலந்து மாகாணம். 1840-ல் ஹாலந்தை வடக்கு, தெற்கு என்று இரண்டாக்கினார்கள். ஏறக்குறைய 2,700 சதுர கிலோமீட்டர் நிலத்தில் சுமார் 38 லட்சம் பேர். நம் இடுக்கியில் 2011 கணக்குப்படி 4,358 சதுர கிலோமீட்டரில் 11 லட்சம்தான். ஆனால் இவர்கள் உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். இப்போது மாகாணம் முழுக்க ஐம்பது நகராட்சிகள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊர்களை 2010-ல் ஒன்றாக்கி 'ஸௌத்பிளாஸ்' என்று பேர் வைத்தார்கள். அதே 2010-ல் மூணாறு பஞ்சாயத்தைப் பிரித்து, முதுவான்கள் வாழும் இடமலைக்குடியைக் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக ஆக்கினார்கள். 2023 செப்டம்பரில் குட்டம்புழா கிராமத்திலிருந்து 12,700 ஹெக்டேருக்கு மேல் அதோடு சேர்த்ததில், பாலக்காட்டைத் தள்ளிவிட்டு இடுக்கி மறுபடி கேரளத்தின் பெரிய மாவட்டமானது. அப்பா ஊருக்கும் அம்மா ஊருக்கும் நடந்த போட்டியில் அம்மா கட்சி ஜெயம்.

எனக்கு இங்கே பிடித்தது தண்ணீர் வாரியங்கள். மாகாணம், நகராட்சி இரண்டும் போக, தண்ணீருக்கென்றே தனி நிர்வாகம், தனித் தேர்தல், தனி வரி. எங்கள் பகுதியுடையது 13-ம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறதாம். அதன் எல்லையை ராஜா வரைந்ததில்லை, தண்ணீர் ஓடுகிற வாட்டத்தை வைத்துப் போட்டது. வரி பில் வரும்போது முணுமுணுப்பேன், ஆனால் ஊர் ஞாபகம் வரும். பறம்பிக்குளம் அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், இயக்குவது தமிழ்நாடு. மணக்கடவில் வருஷம் 7.25 டி.எம்.சி. சிற்றூருக்குத் தர வேண்டும் என்பது 1970 ஒப்பந்தம். முல்லைப் பெரியாறு பீருமேடு தாலுகாவில். 1886 குத்தகை, 999 வருஷம், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், அதாவது வருஷம் நாற்பதாயிரம். (வங்கிக்காரன் கண் அங்கேதான் போகும்.) எங்கள் பக்கத்தில் தண்ணீருக்காக ஒரு சின்ன உள்ளாட்சி எழுந்து நின்றதும் உண்டு: பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலைக்கு 2003-ல் லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டேன் என்றது பெருமாட்டி பஞ்சாயத்து. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

அம்மாவிடம், நாம் இருக்கிற தெரு கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் கீழே என்று சொன்னேன். ரயிலில் சில நிமிடம் போனால் நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே வந்துவிடும், 6.76 மீட்டர். ஆனைமுடி அடிவாரத்தில் பிறந்தவர் நம்பவில்லை. "அப்ப தண்ணி எங்க நிக்குது?" என்றார். கால்வாய்க் கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். படகு நம் தலைக்கு மேலே போவதைப் பார்த்ததும் பேரனை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போவோம்" என்றார். வீடும் அங்கேதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

பெரியவளுக்குப் பள்ளியில் வரைபடப் பாடம். பன்னிரண்டு மாகாணங்களையும் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். நேற்று ராத்திரி பாட்டியிடம் ஒப்பித்தாள். பாட்டிக்கு ஒரு எழுத்து புரியாவிட்டாலும் தலையாட்டிக் கேட்டார். பிறகு அவள் ஒரு தாளில் இந்தியா வரைந்து, கீழே ஒரு புள்ளி வைத்து, நல்லதண்ணி என்று எழுதிவிட்டு, "அப்பத்தா, இது எந்த மாவட்டம்?" என்றாள்.

"அதப் போடாத கண்ணு, மாத்திப்புடுவாங்க," என்றார் அம்மா. "எஸ்டேட் பேரும் டிவிஷன் பேரும் மட்டும் எழுதிக்க. போஸ்ட்மேனுக்குத் தெரியும்."