பொற்றலை

எங்கள் கண்மாய் வற்றி, மடைவாயில் மட்டும் சேறு மிச்சமிருக்கும் மாசியில்தான் அப்பாயி கரிசாலை பறிக்கக் கிளம்பும். நானும் கூடப் போவேன். சட்டைப் பொத்தான் அளவுகூட வராத வெள்ளைப் பூ. ஒரு இலையைக் கிள்ளிக் கட்டைவிரலில் தேய்க்கும். முதலில் பச்சை. பேசிக்கொண்டே வரப்பைத் தாண்டுவதற்குள் விரல் கறுத்திருக்கும். “கறுக்கலேன்னா அது கரிசாலை இல்லடா.” அப்பாயிக்குத் தெரிந்த தாவரவியல் அவ்வளவுதான், தப்பியதே இல்லை.

அந்தச் சாற்றில் தாத்தாவின் வேட்டிக் கிழிசல் ஊறும். நிழலில் காய்ந்ததும் மறுபடி சாறு, மறுபடி நிழல். அதைத் திரியாகத் திரித்து, விளக்கெண்ணெயில் எரியவிட்டு, மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியை வழித்தால் கண்மை. தங்கச்சி கண்ணுக்குப் போனதைவிட என் சட்டையில் ஒட்டியதுதான் அதிகம்.

மஞ்சள் கரிசாலையை முதலில் பார்த்தது நாகுடிப் பக்கம், அத்தை வீட்டுக் கிணற்றடியில். கல்லணைக் கால்வாய் எட்டுகிற பகுதி. ஈரத்துக்கு எங்கள் ஊர் அளவுக்குப் பஞ்சமில்லை. தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒற்றைக் காம்பில் ஒரு பூவை நிமிர்த்திப் பிடித்திருந்தது. வள்ளலார் சொன்ன கீரை என்று அத்தை அதைப் பருப்போடு கடையும். சித்த வைத்தியத்தில் இதற்குப் பொற்றலைக் கையாந்தகரை என்று பெயர். பொன் தலை! வைத்தவன் நல்ல ரசிகன்.

கல்லூரியில் எங்கள் ஆசிரியர் அந்தத் தலையைப் பிய்த்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். ஒரு பூ என்று நினைத்தது பூக்களின் கூட்டம். ஓரத்தில் இதழ் மாதிரி நீட்டியிருப்பது ஒவ்வொன்றும் தனிப்பூ, நடுவில் நெருங்கி நிற்பவை குழல் பூக்கள். சூரியகாந்திக் குடும்பமே இப்படித்தான். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேகரிப்பைத் தொடங்கிய பாதிரியார் மேத்யூவைப் பற்றி அவர் பேசாத வகுப்பு இல்லை. நானும் கரிசாலையைச் செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்தேன். பிரித்தால் செடி முழுக்கக் கறுப்பு. அப்பாயியின் கட்டைவிரல்!

போன வருஷம் ஒரு நாற்றுப் பண்ணையில் “மஞ்சள் கரிசலாங்கண்ணி” என்று எழுதிவைத்த தொட்டியைக் கண்டதும், அத்தை நினைவில் விலை கேட்காமல் வாங்கிவந்தேன். பூ அதே மஞ்சள். நுனி இலையும் ஏறக்குறைய அதேதான். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்க, பறிக்கப் போனவன் அடி இலையைத் திருப்பினேன். தடிப்பு, மினுமினுப்பு, இருபுறமும் மடல் பிரிந்து மூன்று முனை. அத்தை வீட்டு இலை நீண்டு ஒடுங்கியிருக்கும், ஓரத்தில் பல் இருந்தால் ஓரிரண்டு, தடவினால் சொரசொரக்கும். அன்றைக்கு வெறும் பருப்புதான்.

தொட்டியில் வந்தது மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துச் செடி. அழகுக்காகப் புல்தரைக்குப் பதில் நடுகிறார்கள். உலகின் மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. கூத்து என்னவென்றால், அப்பாயியின் வெள்ளையும் அத்தையின் மஞ்சளும் பெயரில்தான் அக்கா தங்கை. வெள்ளை எக்லிப்டா என்ற வேறு பேரினம். அத்தையின் மஞ்சளும் இந்த அயல்செடியும்தான் ஒரே பேரினம், ஸ்பாக்னெட்டிகோலா. முன்பு இரண்டையும், ஜெர்மனியின் யேனாவில் இருந்த மருத்துவப் பேராசிரியர் வெடெல் நினைவாக, வெடேலியா என்றார்கள். 1996இல் பெயர் மாற்றினார்கள். பண்ணைக்காரர்களுக்கு இன்னும் வெடேலியாதான்.

பிடுங்கியதைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. ஒரு கணு ஈரமண்ணில் பட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். மொட்டைமாடித் தளத்தில் பரப்பி, கையில் நொறுங்கும்வரை வெயிலில் போட்டேன். உங்கள் வீட்டுத் தொட்டியிலும் மஞ்சள் கரிசாலை இருந்தால் பூவை விடுங்கள், அடி இலையைத் திருப்பிப் பாருங்கள். மூன்று முனை இருந்தால், தயவுசெய்து கண்மாய்ப் பக்கம் மட்டும் வீசிவிடாதீர்கள்.