ஒரு நெருப்பு, இரண்டு வேலை

குளிர் தேசங்களில் விறகு எரியும் கணப்பின் முதுகில் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பொருத்தி வைக்கும் வழக்கம் உண்டு. கூடத்தில் இருப்பவர்கள் தீக்காய, அதே நெருப்பு பின்புறத்துத் தண்ணீரையும் காய்ச்சுகிறது. சூடான நீர் லேசானது. ஆகையால் குழாய் வழியே தானே மேலேறி, அறைக்கு அறை நிறுத்தியிருக்கும் இரும்புப் பலகைகளைச் சூடாக்கி, குளிர்ந்து கனத்து மீண்டும் தொட்டிக்கே வந்து சேருகிறது.

"தாம்பரத்தில் இதற்கு என்ன வேலை, ஸார்?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். சித்திரை மாதத்தில் இங்கே வீட்டுச் சுவரே அந்த உத்தியோகத்தைப் பார்த்துவிடுகிறது!

ஆனால், இதன் தத்துவம் நமக்குப் புதியதன்று. என் பாட்டியாரின் சமையலறையில் கொடியடுப்பு இருந்தது. பெரிய அடுப்பில் உலை கொதிக்கும். மிஞ்சிய ஜுவாலை பக்கத்துத் துவாரத்தின் வழியே கொடியடுப்புக்குப் போகும். அங்கே தனியாக விறகு வைப்பதில்லை. சோறு வடிப்பதற்குள் அதன்மேலிருக்கும் தவலையில் வெந்நீர் தயாராகிவிடும்.

இந்தச் சிக்கனம் அற்பமானதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 16,000 கிலோஜூல் உண்டு. எனினும் திறந்த அடுப்பில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தைச் சேரும். ஆக, ஒருவர் ஸ்நானத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ விறகு! நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு அது தினமும் ஒரு சிறு கட்டு.

ஆயினும் விறகு மிஞ்சியதே தவிர, பாட்டியாரின் கண்கள் மிஞ்சவில்லை. கணப்புக்குப் புகைபோக்கி உண்டு; நம் அடுப்புக்கோ ஓட்டு இடுக்குதான் புகைபோக்கி. சூட்டைப் பிடித்து வைத்த நம் முன்னோர், புகையை அடுப்பூதுகிற பெண்ணின் நெஞ்சுக்கே விட்டுவிட்டார்கள்.

இதைக் கவனித்த பெரியோர் இல்லாமலில்லை. 1934-ல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா நடத்தினார். குடிசைப் பொருளாதாரமும் சாஸ்திர ஆராய்ச்சிக்கு உரியதே என்பது அவர் கொள்கை. ஹைதராபாத்தில் புகையற்ற அடுப்பை ஆராய்ந்த எஸ். பி. ராஜுவின் நூல் 1953-ல் நம் சென்னையில்தான் வெளியாயிற்று. எரிபொருளை மிச்சப்படுத்துவதோடு எரிப்பவளையும் காப்பாற்ற வேண்டும் என்பதே இம்முயற்சிகளின் சாரம்.

இன்று தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை மாடிகளில் சூரிய வெந்நீர்க் கலங்கள் சாய்ந்து படுத்திருக்கின்றன. குழாயில் காய்ந்த நீர் லேசாகி, பம்பு எதுவுமின்றி மேலுள்ள தொட்டிக்கு ஏறுகிறது; குளிர்ந்த நீர் அதன் இடத்துக்கு இறங்குகிறது. கணப்பின் முதுகில் நடந்த அதே கதைதான். நெருப்பு மட்டும் வானத்தில் இருக்கிறது; அதை ஊதுவதற்கு எந்தப் பெண்ணும் குனிய வேண்டியதில்லை.