பதினாறு மடங்கு

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் லென்ஸ் கழற்றிப் பூட்டிப் பிழைக்கிறவன் நான். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை, அங்கே சல்லிசாகக் கிடைத்த பைனாகுலர்களைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழில் படித்தேன். கண்ணாடி விஷயத்தில் என் பேச்சை யாரும் தட்டியதில்லை. அந்தத் திமிரில் ஒருவனுக்குத் தப்பான யோசனை சொன்னேன். காரியம் கெட்டதும் பழியை அவன் தலையிலேயே போட்டேன். இரண்டாவதுதான் பெரிய குற்றம்.

அவன் எங்கள் புளோக்கில் வளர்ந்தவன். குடும்பத்தோடு நியூசிலாந்துக்குப் போனான். உரிமம் எடுத்து, மான் வேட்டைக்காக ஒரு பழைய மார்லின் 336 வாங்கினான். லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா போடும் குட்டைத் துப்பாக்கி. "என்ன ஸ்கோப் போடலாம்ண்ணே?" என்று போனில் கேட்டான்.

சிங்கப்பூரில் துப்பாக்கி தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் போக வழியில்லை. நான் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. தேசிய சேவையில் சார் 21 துப்பாக்கி பிடித்ததோடு சரி. அதன் கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்கோப்பின் உருப்பெருக்கம் வெறும் 1.5 மடங்கு. அதை வைத்துத்தான் நாங்கள் எல்லோரும் சுடப் பழகினோம். அதையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

'எனக்கு வேட்டை தெரியாதுடா, அங்கே பழகினவங்க யாரையாவது கேளு' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தது. 4 முதல் 16 மடங்கு, முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் என்றேன். பெரிய எண்ணைச் சொன்னால் பெரிய ஆளாகத் தெரிவேன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

அந்தத் துப்பாக்கியின் .30-30 தோட்டா 1895இல் வந்தது. தோட்டாக் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுப்பதால் அதன் குண்டுக்குக் கெட்டியான கூர்முனை வைப்பதில்லை. முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் குத்தினால் உள்ளேயே வெடித்துவிடலாம். மழுங்கிய குண்டு சீக்கிரமே வேகம் இழக்கும். 150 மீட்டருக்குள் சுடுகிற துப்பாக்கி அது. புதர்க்காட்டில் மான் 30 மீட்டரில் வந்து நிற்கும். 1 முதல் 4 மடங்கு வரை போகிற சின்ன ஸ்கோப் போதும். 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடிக்கு ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களை உயரமாக வைக்க வேண்டும். வைத்தால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டாது. மடங்கைக் கூட்டக் கூட்டக் காட்சி குறுகும், கண்ணை வைக்க வேண்டிய இடமும் நெருங்கி வரும். இந்தக் கடைசி இரண்டும் எனக்குத் தெரியும். தினமும் வாடிக்கையாளருக்கு நானே சொல்கிற பாடம்.

நடந்ததை அவன் சொல்லித்தான் அறிந்தேன். சாயங்காலம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மான். ஸ்கோப் 10 மடங்கில் இருந்தது. உள்ளே முழுக்கப் பழுப்பு மயிர். தோள் எது, வயிறு எது என்று பிடிபடவில்லை. துப்பாக்கியின் சுத்தியலை இழுக்கப்போன கட்டைவிரல் ஸ்கோப்பின் அடியில் சிக்கியது. பக்கவாட்டில் ஒரு சின்ன நீட்டுத் துண்டு மாட்டியிருந்தால் சிக்கியிருக்காது. அதையும் நான் சொல்லவில்லை. சத்தம் கேட்டு மான் தலை தூக்கியது. பதற்றத்தில் முகத்தை முன்னே கொண்டுபோய்ச் சுட்டான். துப்பாக்கி உதைத்ததில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. குண்டு மானின் வயிற்றில் பட்டது. மான் ஓடிவிட்டது. கண்ணில் ரத்தம் வழிய, டார்ச் அடித்துக்கொண்டு இருட்டில் தேடியிருக்கிறான். கிடைக்கவில்லை. வயிற்றில் குண்டு பட்ட மான் உடனே சாகாது. மணிக்கணக்காகக் கிடந்து சாகும். அவன் அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன்? "நீ தோள்ல சரியா பதிச்சிருக்க மாட்டடா. பழக்கம் பத்தாது." யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. அவன் நம்பினான். "என் தப்புதாண்ணே" என்றான். நான் மறுக்கவில்லை. அந்த சீசன் முழுக்க அவன் காட்டுக்குப் போகவில்லை. மகனுக்குக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருந்ததையும் விட்டுவிட்டான். தகப்பன் புருவத்தில் தையலோடு வந்து, தான் அதற்கு லாயக்கில்லை என்று சொன்னதை அந்தப் பையன் கேட்டிருக்கிறான். இதை அவன் மனைவி என் மனைவியிடம் சொன்னாள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பயம். கடையில் இத்தனை வருடம் சேர்த்த பேர் போய்விடும் என்ற பயம். ஒரு மானின் வேதனையும் ஒரு தகப்பனின் தலைக்குனிவும் எனக்கு அந்தப் பேரைவிடச் சின்னதாகப் பட்டன.

போன மாதம் கூப்பிட்டுச் சொன்னேன். மடங்கு, வளையம், கண் வைக்கும் தூரம், சுத்தியல் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு உன் தோளில் இல்லை, என் வாயில் என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒன்றுதான் கேட்டான்.

"அப்பவே தெரியுமாண்ணே?"

"தெரியும்" என்றேன்.