படபடப்புக்கும் சாதகம் வேண்டும்

நாகஸ்வரக்காரனின் பயம் முதலில் உதட்டில்தான் தெரியும். வாயில் வைத்து ஊதும் சீவாளி, திருவாவடுதுறையில் செய்வது, காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டையால் ஆனது. உதட்டில் ஈரம் இருந்தால்தான் அது பேசும். பயந்தவன் வாயில் ஈரம் ஏது?

சிறுவயதில், ஆடுதுறைப் பக்கம் ஒரு கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு என்னை மல்லாரி எடுக்கச் சொன்னார்கள். வீட்டில் மூன்று காலமும் சுத்தமாக வந்த மல்லாரி, கோபுர வாசலில் இரண்டாம் காலத்துக்கே மூச்சு பற்றாமல் பிசிறியது. "சாதகம் பத்தலடா" என்றார்கள். விடியற்காலைச் சாதகத்தைக் கூட்டினேன். விரல் வேகம் ஏறியது. பயம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

என்னைத் திருப்பியவர் எங்கள் செட்டில் தவில் வாசித்த அண்ணன். ஒருநாள் புறப்பாட்டுக்கு முன் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெஞ்சு அடிச்சுக்குதா தம்பி? எனக்கும்தான் அடிச்சுக்குது. உடம்பு வாசிக்கத் தயாராயிடுச்சுன்னு வச்சுக்க."

அதுவரை படபடப்பை விரட்டத்தான் பார்த்தேன். அது விரட்டினால் போகிற சரக்கு அல்ல. ஆபத்து என்று மனம் நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, எச்சில் வற்றுகிறது, மூச்சு அடிவயிற்றை விட்டு மார்புக்கு ஏறிவிடுகிறது. அதிலும் நரசிங்கம்பேட்டைப் பாரி நாகஸ்வரம் நீளமானது. மேல்மூச்சை வைத்துக்கொண்டு அதை நிரப்பவே முடியாது. 2014-இல் அமெரிக்க ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட சோதனைகளில், பாடப் போகுமுன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், பயமாக இருக்கிறது என்று சொன்னவர்களைவிடச் சுருதி தவறாமல் பாடினார்கள். அவர்களுடைய நெஞ்சுத் துடிப்பு குறைந்துவிடவில்லை. அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் மாறியிருந்தது. பல வருஷம் கழித்து இதைப் படித்தபோது அண்ணனை நினைத்துக் கண் கலங்கியது.

அவர் கொடுத்த இன்னொரு பயிற்சி, வாத்தியம் இல்லாமல் வாசிப்பது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு மல்லாரியை முதலிலிருந்து ஓட்டுவேன். ஸ்வரம் மட்டும் ஓடினால் போதாது என்பார். கண்டாமணிச் சத்தம், தீவட்டிப் புகை, முன்னால் நிற்கும் கூட்டம், அடித்துக்கொள்ளும் நெஞ்சு எல்லாமே வரவேண்டும். அதற்கு நடுவில் மூச்சு அடிவயிற்றில் நிற்கவேண்டும். அல்வாரோ பாஸ்குவல் லியோனே 1995-இல் வெளியிட்ட ஆய்வில், பியானோப் பயிற்சியை ஐந்து நாள் மனதுக்குள் மட்டுமே செய்தவர்களின் மூளையிலும், விரலால் வாசித்தவர்களுக்கு நேர்ந்த அதே மாதிரி மாற்றம் தெரிந்தது. வாசிப்பில் சற்றுப் பின்தங்கியிருந்தவர்கள், இரண்டு மணி நேரம் கைப்பயிற்சி செய்ததும் மற்றவர்களை எட்டிவிட்டார்கள். கையால் செய்யும் சாதகத்துக்கு இது மாற்றாகாது. அந்தச் சாதகம் வீணாகாமல் காக்கும். தவில் படிக்கிற பிள்ளை கோலைத் தொடுமுன் சொல்லை வாயால் சொல்லிப் பழகுவது நம் ஊர்ச் சம்பிரதாயம். தாளத்துக்குச் செய்ததை நாம் பயத்துக்குச் செய்யாமல் விட்டோம்.

மன உறுதி பற்றியும் ஒரு வார்த்தை. நாலு வீதியும் நின்று நின்று வாசிக்கையில், நடுராத்திரிக்கு மேல் தோள் கழன்றுவிடும்போல் இருக்கும். அப்போது முழு வீதியுலாவையும் நினைத்தால் கை தொங்கிவிடும். அடுத்த மண்டகப்படி வரைக்கும் என்று நினைத்தால் போய்ச் சேரலாம். மனம் களைத்தால் உடம்பும் சீக்கிரம் ஓயும் என்பதால், கச்சேரி நாளில் சண்டை, கணக்குவழக்கு, செல்போன் எதையும் கிட்டே சேர்ப்பதில்லை. சாமுவேலே மார்கோராவும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட சோதனையில், 90 நிமிடம் மூளைக்கு வேலை கொடுத்துவிட்டு சைக்கிள் மிதித்தவர்கள் சீக்கிரமே ஓய்ந்தார்கள். இதயமோ தசையோ தளரவில்லை. பாரம்தான் அதிகமாகத் தெரிந்தது.

சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருக்கிற அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உதடு நடுங்குகிற பிள்ளையிடம் சாதகம் பத்தவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். முதல் புறப்பாட்டுக்கு ஒரு மாதம் முன்பே தெருக்காரர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, நெஞ்சு அடிக்க அடிக்க அந்தப் பிள்ளையை வாசிக்கவிடுங்கள்.