எங்கள் பாடசாலையும் பாமினி எழுத்தும்

தரம் 10 மாணவி ஒருத்தி செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் எங்கள் பாடசாலையின் வரலாற்றைக் கேட்டாள். அது வேறு ஊர்ப் பாடசாலையின் கதையைச் சொன்னது.

எனக்குக் கோபம். பிறகு எங்கள் இணையத்தளத்தைத் திறந்து பார்த்தேன். பிழை எங்களுடையதுதான். பாதிப் பக்கங்கள் பாமினி எழுத்துருவில். கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். மீதி ஸ்கேன் பண்ணிய படங்கள்.

இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து பைத்தனில் ஒரு சிறு கருவி எழுதினேன். பாமினியை யூனிகோட் ஆக்கும். எழுத்தாக்க வேண்டிய படங்களைப் பட்டியலிடும். 2024இல் ஜெரமி ஹோவார்ட் முன்மொழிந்த ‘எல்எல்எம்ஸ் டொட் டெக்ஸ்ட்’ கோப்பையும் தயாரிக்கும். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் சுருக்கம் அது. எல்லாச் செயலிகளும் அதைப் பார்ப்பதில்லை. யூனிகோட் மாற்றம்தான் பெரிய பயன்.

கஷ்டப்படுத்தியது கொம்பு. பாமினி அதை எழுத்துக்கு முன்னால் வைக்கும், யூனிகோட் பின்னால் வைக்கும். அதற்கே ஒரு வாரம் போனது.

நேற்றுத் தேடினேன். எங்கள் முதல் அதிபரின் பெயர் வந்தது. என் உம்மாவுக்கு ‘அ’ எழுதப் பழக்கியவர். அல்ஹம்துலில்லாஹ்.

நிரல் கிட்ஹப்பில் திறந்தே இருக்கிறது. உங்கள் பாடசாலைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். பிழை கண்டால் திருத்தி அனுப்புங்கள்.