ஓரத்தில் நின்றவர்கள்

பெயர் போட்டு முடிகிறவரை எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாக இருப்பார்கள். கடைசியாக இயக்குநர் பெயர் வந்து மறைந்ததும் முகங்கள் சட்டென்று பழைய அகலத்துக்கு வந்துவிடும். அதே நொடியில் இரண்டு ஓரத்திலும் இருந்தவர்கள் காணாமல் போவார்கள்.

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் பெரியப்பா வீட்டு சாலிடேர் டிவியில் சினிமாஸ்கோப் படங்களை நாங்கள் பார்த்தது இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் தொடங்குகிற நேரத்துக்குத் தெருவில் தறிச் சத்தம் அடங்கிவிடும். ஒருத்தர் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவார், கீழேயிருந்து இன்னொருத்தர் "போதும், போதும்" என்று கத்துவார். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

சினிமாஸ்கோப் லென்ஸ் படத்தின் அகலத்தைப் பாதியாக நெருக்கி பிலிமில் பதிக்கும். தியேட்டர் புரொஜெக்டரின் லென்ஸ் அதைத் திரும்ப விரிக்கும். திரையில் உயரம் 1 என்றால் அகலம் 2.35. அன்றைய டிவிக்கோ அகலம் 1.33தான். பெயர்கள் வெட்டுப்படக் கூடாதே என்று டைட்டிலை மட்டும் நெருக்கியபடியே விட்டுவிட்டு, பிறகு நடுப்பகுதியை எடுத்து டிவியை நிரப்பினார்கள். நூற்றுக்கு 43 பங்கு படம் அங்கேயே போயிற்று. பிக்சர் டியூபின் வளைந்த விளிம்பு இன்னும் கொஞ்சம் தின்றது.

பேசுகிறவர் அநேகமாகத் தப்பித்துவிடுவார். கேட்கிறவர்தான் போய்விடுவார். ஆளுக்கொரு ஓரமாக நின்று இரண்டு பேர் பேசினால் நடுவில் தூண் மட்டும் தெரியும், குரல்கள் எங்கிருந்தோ வரும். சில காட்சிகளில் படம் தானாக நகர்ந்து ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போகும். ஒளிப்பதிவாளர் அசைக்காமல் வைத்த கேமராவை, படத்தை டேப்புக்கு மாற்றிய இடத்தில் யாரோ அசைத்திருக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பேச்சு நின்றுபோய் அறையின் இரு கோடியில் உட்கார்ந்திருந்தால், அந்த இடைவெளிதான் காட்சி. அதை வெட்டிவிட்டால் கதையில் மிச்சம் என்ன?

எங்களுக்கு அந்த ஓரத்தைக் காட்டியவர் பெரியப்பா. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழன் 1973இல் வந்தபோது தியேட்டரில் பார்த்தவர். அதன் பிறகு வந்த ஸ்கோப் படம் எதையும் விட்டதில்லை. டிவியில் படம் ஓடும்போதே, "இந்தப் பக்கம் அவ அம்மா நிக்கிறாடா. பாத்துக்கினே இருக்கா, வாயத் தொறக்க மாட்டா" என்பார். நாங்கள் டிவிப் பெட்டிக்கு வெளியே, சுவரில் அந்த அம்மாவைப் பார்ப்போம். பல வருஷம் கழித்து அதே படத்தை முழு அகலத்தில் டிவிடியில் பார்த்தேன். அந்த அம்மா நின்றாள், வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா அதற்குள் காலமாகிவிட்டிருந்தார்.

ஓரம் எங்களுக்குப் புதிதல்ல. பட்டுப் புடவை நெய்யும் கோர்வைத் தறியில் ஓரமாக உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக்கொடுப்பது அப்போது பையன்கள் வேலை. நானும் போட்டிருக்கிறேன். கரைக்கு வேறு நிறம், வேறு நாடா; ஒவ்வொரு இழையிலும் அது புடவையின் உடலோடு கோத்துக்கொள்ள வேண்டும். கரை இரண்டையும் உள்ளே மடித்துவிட்டு உடலை மட்டும் காட்டி, இதுதான் காஞ்சிபுரம் பட்டு என்று எந்தக் கடைக்காரரும் விற்றதில்லை. படத்துக்கு மட்டும் அதைச் செய்தார்கள்.

இப்போது வீட்டுக்கு வீடு அகல டிவி. அப்படியும் ஸ்கோப் படத்தைப் பெரிதாக்கி நிரப்பினால் கால்வாசி போகிறது. பழைய சதுரப் படங்களுக்கு வேறு மாதிரிக் கேடு: அகலத்தை நிரப்ப மேலும் கீழும் வெட்டுகிறார்கள். பத்மினி ஆடுகிறார், பாதம் தெரியவில்லை. ஜதி கேட்கிறது, சலங்கை கேட்கிறது, கால் இல்லை. அந்தக் காலுக்காகத்தானே ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள்!

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதென்று வீட்டில் பிள்ளைகள் ரிமோட்டில் ஜூம் போடுகிறார்கள். நான் எடுத்துவிடுகிறேன். ஏன் என்று கேட்டால், அந்த ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று காட்டுகிறேன்.