வாய்ப்பந்தல்

பேச்சின் இயல்பைக் குறிக்கத் தமிழிலே வழங்கும் சொற்களை ஒரு கொப்பியிலே தொகுத்து வருவது என் நெடுநாட் பழக்கம். ஒரு பக்கத்திலே சொல்வன்மை, நாவன்மை, சொல்நயம் என்பன உள்ளன. எதிர்ப்பக்கத்திலே சொல்லாடம்பரம், சொற்சிலம்பம், வெற்றுரை, பசப்புரை, வாய்ச்சவடால், வாய்ப்பந்தல் என்பன. இவ்விரு பக்கங்களையும் பிரிக்கும் கோடு எது என்பதை நான் பெரியம்மாவிடமே கற்றேன்.

எங்களூரிலே நெடுங்காலம் தபாற்காரராகக் கடமையாற்றிய பெரியப்பா சென்ற ஆண்டு காலமானார். 31ஆம் நாளன்று வெளியிடும் நினைவு மலரை, ஊர் வழக்கிற் சொன்னால் கல்வெட்டை, எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பல்கலைக்கழகத்திலே தமிழ் படிக்கிறவன் அல்லவா? ஓரிரவில் எழுதி முடித்தேன். பெரியப்பா கருணைக்கடலானார், பண்பின் சிகரமானார், வாரி வழங்கும் வள்ளலுமானார். பாடசாலைப் பேச்சுப் போட்டிகளிலே எனக்குப் பரிசு பெற்றுத் தந்த அடுக்குமொழிகள் தாமாகவே வந்து வரிசையில் நின்றன.

வாசித்துக் காட்டினேன். பெரியம்மா இறுதிவரை பொறுமையாகக் கேட்டார். பின்னர், “நல்லாய்த்தான் இருக்குது தம்பி. ஆனா, இது ஆரைப் பற்றி எழுதியிருக்கிறாய்?” என்றார்.

அவ்வினாவிலே ஏளனம் சிறிதும் இல்லை. அதனாலேயே அது என்னைச் சுட்டது. அவர் தேடிய மனிதர் என் எழுத்திலே இல்லை.

அன்றிரவு நன்னூலைப் புரட்டினேன். பவணந்தியார் கூறும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலும் ஒன்று. வெற்றெனத் தொடுத்தலும் ஒன்று. அணியிலக்கணமோ உயர்வு நவிற்சியை அழகென ஏற்கின்றது. அவ்வாறாயின் மிகை குற்றமா, அணியா? உயர்த்திச் சொல்வதற்கு முதலில் ஒரு பொருள் வேண்டும். பொருள் இருந்தால் மிகையும் அணியாகலாம். இல்லையேல் அது வாய்ப்பந்தலே. பந்தல் இருக்கின்றது, கலியாணம் இல்லை. குற்றமற்ற சில சொற்களைச் சொல்லத் தெரியாதவரே பல சொற்களைச் சொல்ல விரும்புவர் என்னும் கருத்தை வள்ளுவர் வைத்திருப்பதும் ‘சொல்வன்மை’ அதிகாரத்திலேதான். 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கிய ஆறுமுகம் என்னும் இளைஞர், 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தாரால் ‘நாவலர்’ எனப் பட்டஞ் சூட்டப்பெற்றார். நாவன்மைக்குப் பட்டம் பெற்ற அவரையே தெளிந்த உரைநடைக்கும் முன்னோடியாகப் போற்றுகின்றோம். நாவன்மையும் தெளிவும் பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மறுநாள், பெரியப்பாவைப் பற்றிச் சொல்லும்படி பெரியம்மாவிடம் கேட்டேன். மரணச் செய்தி தாங்கிய தந்தியைக் கொண்டு செல்லும் நாளிலே, வீட்டார் சாப்பிட்டாயிற்றா என்று முதலில் விசாரிப்பாராம். இல்லையென்றால், படலையடியில் நின்று மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருப்பாராம். அவர்கள் உண்டு கைகழுவிய பின்னரே தந்தியை நீட்டுவாராம்.

கல்வெட்டிலே அதனை மட்டும் எழுதினேன். மீண்டும் வாசித்துக் காட்டியபோது, பெரியம்மா “ஓம்” என்று மட்டும் சொன்னார்.

வரவேற்புரையும் நன்றியுரையும் இரங்கலுரையும் எழுதுகின்ற மாணவராகிய நாம், எழுதி முடித்ததும் பெரியம்மாவின் வினாவை ஒருமுறை நம்மிடமே கேட்டுக்கொள்வது நன்று. எனக்கோ இன்னொரு வினாவும் எஞ்சியுள்ளது. மழையையும் மாட்டையும் பற்றிய அந்தப் படலையடிக் கதையிலே பொருள் என்று சொல்ல ஏதுமில்லை. ஆயினும் அதனிலும் பயனுள்ள பேச்சை நான் கேட்டதில்லை. அதனைக் கொப்பியின் எந்தப் பக்கத்திலே எழுதுவது?